பதில் வராவிட்டால் சம்மதம்

எழுபதுகளில் ஐந்து வருடம் நான் ஒரு சர்வதேசக் கமிட்டியோடு மல்லுக்கட்டினேன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்புகிறவர்கள், நான் கோட்டு மாட்டிக்கொண்டு விமானம் ஏறிப் போய்வந்தவன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் போனதெல்லாம் சித்திரபுரம் தபால் ஆபீஸ் வரைக்கும்தான். அது மூணாறுக்குப் பக்கத்து மலையூர்; அங்கே கேரள மின்வாரியக் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். வருடத்தில் பாதி நாள் அதன் சுவர்கள் வியர்த்துக்கொண்டே இருக்கும். காலையில் போட்ட சட்டை சாயங்காலம் துவைத்த சட்டை மாதிரி இருக்கும். அந்த ஈரத்தில் உட்கார்ந்துதான் உலகத்துக்கு விதி எழுதினேன்.

கணினிக்கு நாம் கட்டளை எழுதுகிற மொழி எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஒரு கம்பெனி இயந்திரத்துக்கு எழுதியது இன்னொரு கம்பெனி இயந்திரத்திலும் ஓட வேண்டும் என்று விதிகள் செய்வதுதான் கமிட்டியின் வேலை. அந்த மொழிக்கு ஒரு பெயர் உண்டு. இதில் யாருடைய பெயரையும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். மொழிக்கு மட்டும் எதற்குச் சலுகை?

நான் அதில் மாட்டிக்கொண்டதற்கு என் வாய்தான் காரணம். அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எவ்வளவு நிறுத்தலாம், எப்போது திறக்கலாம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது வாரியத்தில் என் வேலை. அதற்காக நானே ஒரு நிரல் எழுதியிருந்தேன். அட்டைக்கு ஒரு வரியாக, ஒரு தகரப் பெட்டி நிறையத் துளையிட்ட அட்டைகள். மாதம் ஒரு முறை அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடுமலைப்பேட்டை வழியாகக் கோயம்புத்தூர் போய், அங்கே ஒரு கல்லூரியில் இருந்த கணினியில் ஓட்டி வாங்கி வருவேன். ஒரு தடவை கல்லூரியில் இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள். பழையதில் ஒழுங்காக ஓடிய நிரல் புதியதில் ஏறுக்குமாறாக விடை சொன்னது. அங்கிருந்த பேராசிரியரிடம், இதையெல்லாம் கேட்பார் மேய்ப்பார் கிடையாதா என்று கத்திவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே அந்தக் கமிட்டிக்கு நம் நாட்டின் கருத்தை எழுதி அனுப்பும் தேசியக் குழுவில் என்னைக் கடித உறுப்பினராகச் சேர்த்துவிட்டார். கத்துகிறவன் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

கமிட்டியின் செயலகம் கடல் கடந்து எங்கோ இருந்தது. யார் எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் அதற்கு ஓர் எண் போடுவார்கள். எண் இல்லாத காகிதம் கமிட்டியைப் பொறுத்தவரை காகிதமே இல்லை. எண் போட்டதும் எல்லா நாடுகளுக்கும் போகும். தில்லிக்கு வரும், தில்லியிலிருந்து எங்களுக்கு வரும். வரைவு வாக்கெடுப்புக்கு வந்தால் முதல் பக்கத்தில் கெடு தேதி இருக்கும். அதன் கீழே சம்மதம், கருத்துகளோடு சம்மதம், மறுப்பு, விலகல் என்று நான்கு கட்டங்கள். மறுப்பில் குறியிட்டால் காரணம் எழுத வேண்டும். எந்தப் பத்தி, எந்த வரி, என்ன குறை, அதற்குப் பதிலாக என்ன போடலாம் என்று விலாவாரியாக எழுத வேண்டும். காரணமில்லாத மறுப்பை எண்ணமாட்டார்கள். இது போதாதென்று எங்கள் தேசியக் குழு தன் பங்குக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தது. கெடு தேதிக்குள் பதில் போடாத உறுப்பினர் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

கெடு முடிந்த பிறகுதான் பாதிக் காகிதங்கள் சித்திரபுரத்துக்கே வந்து சேரும். ஆக, நான் கண்ணால் பார்க்காமலே சம்மதித்த விதிகள் ஏராளம். அவற்றில் சில இன்னும் அமலில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்த வருடங்களில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் இவ்வளவு காகிதம் எதற்கு, ஆவணங்களைக் கணினியிலிருந்து கணினிக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவே அனுப்பிக்கொண்டால் என்ன, உங்கள் நாட்டு உறுப்பினர்களுக்கு என்ன வசதி இருக்கிறது என்று கேட்டிருந்தார்கள். சில நாடுகளில் அப்படிச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்தச் சுற்றறிக்கை கப்பல் தபாலில் வந்து சேர்ந்தபோது அட்டை நனைந்து ஊறிப்போயிருந்தது. சித்திரபுரத்திலிருந்து மூணாறுக்கு டெலிபோன் பேசினால் மழை நாளில் மழைச் சத்தம்தான் கேட்கும். நான் 'பிற வசதிகள்' என்ற இடத்தில், 'தபால், மழை அனுமதித்தால்' என்று எழுதி அனுப்பினேன். அதற்கும் கெடு முடிந்திருந்தது.

ஊர் எனக்குப் பாலக்காடு ஜில்லாவில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கடலை, கரும்பு, கொஞ்சம் நெல். அப்பா பக்கவாதம் வந்து படுத்த பிறகு பூமியையும் அவரையும் என் மனைவிதான் பார்த்துக்கொண்டாள். எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள். கமிட்டியில் சேர்ந்த ஐந்தாவது வருடம் மாசியில் இரட்டைப் பையன்கள் பிறந்தார்கள். நான் இடமாற்றத்துக்கு எழுதிக் கொடுத்து எழுதிக் கொடுத்துக் கை ஓய்ந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் மேலதிகாரி மலையாளம் கலந்த தமிழில் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீங்கள் போயால் அந்த வெளிநாட்டுக் கடலாசு ஒக்கெ யாரு வாயிக்கும்?" நான் போனால் அந்தக் காகிதங்களை யார் படிப்பது என்பது. கமிட்டி எனக்கு ஒரு கௌரவம் என்று அவர் உண்மையாகவே நம்பினார். நானும் கொஞ்சம் நம்பினேன் என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

பையன்களைப் பார்க்க லீவில் போயிருந்தபோது பேச்சுவாக்கில் அவளிடம் கமிட்டியின் வழக்கங்களைச் சொன்னேன். அவள் ஒரு பையனுக்குப் பால் கொடுத்துக்கொண்டு இன்னொருவனைக் காலால் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்ல கமிட்டீங்க. இந்த ஊட்டுல நான் வாய் தொறக்காம இருந்தா கோவிச்சுக்கிட்டேன்னு அர்த்தம். அங்க வாய் தொறக்காம இருந்தா சம்மதமுங்களா?" என்று சிரித்தாள்.

ஆனியில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவளுக்கு ஓர் அக்கா. வடக்கே ஓர் உருக்காலை நகரத்தில் இருந்தாள். கல்யாணமாகிப் பத்து வருடத்துக்கு மேலாகியும் குழந்தை இல்லை. ஆடியில் லீவு போட்டு அக்காவும் அவள் கணவரும் ஊருக்கு வரப்போகிறார்கள், திரும்பும்போது எங்கள் மகளைக் கூட்டிப்போய் வளர்க்கட்டுமா என்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். "பசங்க ஓடி நடக்கற வரைக்கும்னு சொல்றா. ஆனா அவ எழுதறதப் பார்த்தா அப்படித் தெரியலீங்க. எனக்கு ஒண்ணுமே ஓடலைங்க. நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான்."

படித்தவுடன் கூடாது என்றுதான் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. எழுத உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தவனுக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஐந்து வருடமாக, காரணமில்லாத மறுப்பு மறுப்பே அல்ல என்று பழகிய கை. அனுப்புவதற்குச் சாதகமானவற்றை எழுதிப் பார்த்தால் வரிசையாக வந்து நின்றன: வீட்டில் மகளைக் கவனிக்க ஆளில்லை, போன மாதம்தான் வாய்க்கால் மேட்டில் தனியாக நின்றவளை யாரோ தூக்கி வந்திருக்கிறார்கள், அங்கே நல்ல பள்ளிக்கூடம், அக்கா அவளை உயிராக வைத்துக்கொள்வாள், என் மனைவிக்கும் கொஞ்சம் தூக்கம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் எழுத ஒன்றுதான் இருந்தது. அவள் என் மகள். அதை எந்தப் பத்தி, எந்த வரி என்று எழுதுவது? எழுதியதைக் கிழித்தேன். மறுநாள் உட்கார்ந்து மறுபடி எழுதிக் கிழித்தேன்.

இரண்டாவது கடிதம் இரண்டே வரி. "அக்கா மறுபடியும் கேட்டு எழுதியிருக்கா. உங்க பதில் இன்னும் வரலீங்க." அதையும் முதல் கடிதத்தோடு சேர்த்துக் கமிட்டிக் கோப்பில் வைத்தேன். ஈரம் படாத மெழுகுத்துணி உறை அந்தக் கோப்புக்கு மட்டும்தான் இருந்தது. வைக்கும்போது கை தன்போக்கில் மூலையில் பென்சிலால் ஒன்று, இரண்டு என்று எண் போட்டது. இதை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது கடிதமும் கமிட்டியின் தடித்த உறையும் ஒரே நாள் வந்தன. கடிதம் இப்படி இருந்தது:

"அக்காவும் மாமனும் வந்துட்டாங்க. ஆடிப் பதினெட்டு கழிச்சு மறுநாள் ரயில். பாப்பாவுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துட்டாங்க. நான் யார்கிட்ட கேக்கறதுங்க? படுத்திருக்கற மாமாவுக்குப் பேச்சு வரலை. பதினெட்டுக்குள்ள உங்க கடுதாசி வரலைன்னா உங்களுக்குச் சம்மதம்னு எடுத்துக்குவனுங்க. உங்க கமிட்டியில அப்படித்தானுங்களே."

கோபமாக எழுதினாளா, சலித்துப்போய் எழுதினாளா, இல்லை அதுதான் சரியான முறை என்று நம்பி எழுதினாளா என்று எனக்கு அன்று தெரியவில்லை. பதினெட்டுக்கு ஒன்பது நாள் இருந்தது. கமிட்டி வரைவின் கெடு அதற்கு முந்தின நாள். அதுவரை வந்த காகிதங்களில் கெடுவுக்கு இத்தனை நாள் முன்னால் வந்து சேர்ந்தது அநேகமாக அது ஒன்றுதான். எனக்கு வெறி பிடித்துவிட்டது.

வரைவில் என்ன இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை இத்தனை தடவை திரும்பச் செய் என்று கணினிக்குக் கட்டளை எழுதுவது உண்டு. அந்த 'இத்தனை' பூஜ்யமாகவே இருந்தாலும், எங்கள் இயந்திரங்கள் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் நிறுத்தும். பூஜ்யம் என்றால் தொடவே கூடாது என்றது புது வரைவு. நியாயமான விதிதான். ஆனால் என் நிரல் அந்தப் பழைய கோணல் புத்தியை நம்பி எழுதப்பட்டது. மழையே பெய்யாத நாளிலும் அது ஒரு தடவை உள்ளே போய், அணையிலிருக்கும் தண்ணீரைக் குறித்துக்கொண்டு வரும். புது விதி வந்தால் என் பெட்டியில் பாதி அட்டைகளை மறுபடி துளைக்க வேண்டும்.

மூன்று நாள் சோறு தண்ணி பார்க்காமல் உட்கார்ந்து மறுப்பு எழுதினேன். பதினோரு காரணங்கள். பத்தி எண், வரி எண், மாற்று வாசகம் எல்லாம் கனகச்சிதம். அதை முடித்த கையோடு, டைப்ரைட்டரை நகர்த்தி வைத்துவிட்டு, மனைவிக்கு நாலு பக்கம் எழுதினேன். இரண்டையும் ஒன்றாகக் கொண்டுபோய் ஒரே பெட்டியில் போட்டேன். அன்று சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. மறுநாள் காலையில் மூணாறுப் பக்கமும் அடிமாலிப் பக்கமும் மண் சரிந்து ரோடு அடைந்துவிட்டது.

அப்போது என் மனம் செய்த வேலையை நன்றாகக் கவனித்துப் பார்த்திருக்கிறேன், பிற்பாடு பல வருடம். கமிட்டிக்கு எழுதியது மண்சரிவில் மாட்டியிருக்கும், வேறு வழி பார்க்க வேண்டும் என்று பதறியது. மனைவிக்கு எழுதியது மண் சரிவதற்கு முன்னால் தாண்டிப் போயிருக்கும், கவலை இல்லை என்றது. இரண்டும் ஒரே தபால் பையில் இருந்தன.

வேறு வழி ஒன்று இருந்தது. மின்வாரியத்துக்குச் சொந்தமாக ஒரு டெலிபோன். அதற்குத் தனிக் கம்பி கிடையாது. கரண்டு போகிற உயர் அழுத்தக் கம்பியிலேயே பேச்சும் போகும். ரோடு அடைத்தாலும், தபால் நின்றாலும், அந்தக் கம்பி வழியாகப் பவர் ஹவுசிலிருந்து மாநிலத்தின் எந்தச் சப்ஸ்டேஷனோடும் பேசலாம். தலைமை அலுவலகத்தில் டெலக்ஸ் இருந்தது. நான் இங்கிருந்து சொல்லச் சொல்ல அங்கே ஒருவர் எழுதிக்கொண்டு தில்லிக்கு டெலக்ஸ் அடித்தால் அன்றைக்கே போய்விடும். மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

"இது போர்டு காரியம்தன்னே? சொந்தக் காரியத்துக்கு லைன் தரான் பற்றில்லா," என்றார்.

"போர்டு காரியம்தான் சார். நம்ம அணை நிரல் சம்பந்தப்பட்டது," என்றேன்.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு லைன் கிடைத்தது. பவர் ஹவுசில் லைனைப் பார்த்துக்கொண்டவர் சூரியநெல்லி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவர், என் வயதுக்காரர், நல்ல மனிதர். டர்பைன் சத்தத்தில் கத்திக் கத்தி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். பெருக்கலுக்குப் போடுகிற நட்சத்திரக் குறி டெலக்ஸில் கிடையாது, அதனால் அதை ஒவ்வொரு இடத்திலும் வார்த்தையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அடைப்புக்குறி திறக்க, அடைப்புக்குறி மூட. தலைமை அலுவலகத்துக்காரர் திருப்பிப் படித்துக் காட்டினார், நான் திருத்தினேன். பதினோரு காரணங்களும் போய் முடிய முக்கால் மணி நேரம் பிடித்தது. தொண்டை கட்டிவிட்டது. ஆனால் உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. காகிதமில்லாமல் கம்பி வழியாக ஆவணம் அனுப்புவது பற்றிச் சுற்றறிக்கை விட்டார்களே, இதோ சித்திரபுரத்திலிருந்து ஒருவன் அனுப்பிவிட்டான்.

ரிசீவரை வைக்கப்போனேன். லைன்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"சார், லைன் சும்மாதான் கெடக்கு. ரோடு வேற அடைச்சுக் கெடக்குல்ல. பாலக்காட்டு சப்ஸ்டேஷன்ல நம்ம கூட்டாளி ஒருத்தன் இருக்கான். அவன் ஊரும் உங்க கொழிஞ்சாம்பாறைப் பக்கம்தான். வீட்டுக்கு ஏதும் சொல்லணும்னா சொல்லுங்க, ட்யூட்டி முடிஞ்சு போற வழியில சொல்லிருவான்."

"பெரியவர் சொந்தக் காரியம் பேசக் கூடாதுன்னுட்டாரே."

"அவரு அப்படித்தான் சொல்லுவாரு. நாங்க பேசாத பேச்சா? ஒரு நிமிசம் சார்."

"வேணாம். கடுதாசி போட்டுட்டேன்," என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு லைனை எடுத்துக்கொண்டார். நான் வெளியே வந்து மழையில் மேடேறி நடந்தேன்.

ஏன் வேண்டாம் என்றேன்? வீட்டுச் சங்கதி நாலு பேர் வாய் வழியாகப் போக வேண்டாம் என்ற வெட்கம் ஒன்று. அதைத்தான் நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. தேதி தாண்டிப் போய்விட்டால் முடிவு என்னுடையதாக இருக்காது. மழை முடிவு செய்ததாக இருக்கும், தபால் முடிவு செய்ததாக இருக்கும். அந்த மூலையில் போய் ஒளிந்துகொள்ள எனக்கு ஆசை இருந்தது. அலுத்துப்போனவனுக்கு வருகிற ஆசை அது. மன்னிக்கத்தக்கது என்று நான் சொல்லமாட்டேன்.

ரோடு திறக்க எட்டு நாளாயிற்று; தபால் பைகளை மட்டும் இரண்டு நாள் முன்னால் ஆட்கள் சரிவைத் தாண்டிச் சுமந்து போயிருந்தார்கள். முதல் பஸ்ஸில் மலையிறங்கினேன். உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி, அங்கிருந்து ஊர். வீட்டுக்குள் நுழைந்தபோது என் மனைவி அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டி முடித்து, வாய் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தாள். மகள் இல்லை என்று வீட்டைப் பார்த்தாலே தெரிந்தது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"உங்க கடுதாசி நேத்துத்தான் வந்துச்சுங்க," என்றாள். "பிரிக்கலீங்க. பிரிச்சு என்ன பண்றதுன்னு வெச்சுட்டேன்."

மாடத்திலிருந்து எடுத்து என் முன்னாலேயே பிரித்தாள். நின்றபடி நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடி ஒரு தடவை படித்தாள். நான் தூணில் சாய்ந்து நின்றேன். எனக்கு அப்போது ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தபால் தாமதமாகாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று அவள் சொல்லிவிட வேண்டும்.

"இதுல வேண்டாம்னு எங்கீங்க இருக்குது?"

"என்ன?"

"நாலு பக்கம் எழுதியிருக்கீங்க. அனுப்புனா இது நல்லது, அனுப்பலைன்னா அது கஷ்டம், ரெண்டையும் யோசிக்கோணும், அக்கா மனசையும் பாக்கோணும்னு. வேண்டாம்னு எங்கயும் இல்லீங்களே."

வாங்கிப் படித்தேன். இல்லைதான்.

"காரணம் எதுவும் பலமா இல்லாம எப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"காரணம் யாருங்க கேட்டா?" அவள் குரல் அப்போதுதான் உயர்ந்தது. தொட்டிலில் ஒருவன் விழித்துக்கொண்டான். "வேண்டாம்னு ஒரு வார்த்தை. அத அக்காகிட்டக் காட்டிருப்பனுங்க. அவரு வேண்டாம்னுட்டாரு, நான் என்ன பண்றதுன்னு சொல்லித் தப்பிச்சிருப்பேன். நானாச் சொன்னா அவ நெஞ்சு ஒடைஞ்சு போகுமுங்க, கூடப் பொறந்தவ. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூணு கடுதாசி எழுதுனேன். அவங்க பஸ்ஸு ஏறற வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு நின்னனுங்க."

அவள் அழவில்லை. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். நான்தான் அழுதேன். அப்பா கட்டிலில் படுத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில் தில்லியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் மறுப்பு எழுதிய வரைவுக்குப் பதிலாக வேறு எண்ணில் ஒரு புது வரைவு வெளியாகிவிட்டது. எனவே என் பதினோரு காரணங்களும் குறித்துக்கொள்ளப்பட்டன. குறித்துக்கொள்ளப்பட்டன என்றால் கமிட்டி மொழியில் அலமாரியில் வைக்கப்பட்டன என்று பொருள். சிரிப்புக்கூட வரவில்லை. பேராசிரியருக்கு ஒரு கார்டு எழுதிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன். அவர் ஏன் என்று கேட்டு எழுதினார். நான் பதில் போடவில்லை. மேலதிகாரியின் முகத்தைப் பார்க்கத்தான் சங்கடமாக இருந்தது. அவர் பெருமைக்கு ஒரு காரியம் குறைந்துவிட்டது.

தைப் பொங்கல் முடிந்ததும் உருக்காலை நகரத்துக்கு ரயில் ஏறினேன். மனைவியிடம் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் மகளுடைய கம்பளிச் சட்டையை எடுத்துப் பையில் வைத்தாள்.

அக்கா வீடு வரிசை வீடுகளில் ஒன்று. வாசலில் என் மகள் நாலைந்து பிள்ளைகளோடு இந்தியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. ரெட்டைச் சடை, ரிப்பன், காலில் ஷூ. ஊரில் அவளுக்கு ஒரு தடவையாவது யாராவது ரெட்டைச் சடை போட்டிருப்பார்களா என்று யோசித்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "பெரீம்மா, அப்பா வந்திருக்குது," என்றாள். என் பக்கத்தில் வரவில்லை.

அக்கா காபி கொடுத்தாள், ஊர் விசாரித்தாள். பையன்களைக் கேட்டாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன்.

"பாப்பாவக் கூட்டிட்டுப் போலாம்னு வந்தனுங்க."

அவள் தம்ளரைக் கீழே வைத்தாள். "ஏனுங்க தம்பி, நாங்க ஏதாச்சும் கொறை வெச்சுட்டமுங்களா?"

"இல்லீங்க. ஒரு கொறையும் இல்லீங்க."

"தங்கச்சிக்கு அங்க என்னமோ ஆயிருச்சுங்களா?"

"நல்லா இருக்கறாளுங்க."

"பொறகு என்னத்துக்குங்க? பள்ளிக்கூடத்துல கூடச் சேர்த்தாச்சு. மேடம் நல்லாப் படிக்கறாங்கறாங்க."

"காரணம் ஒண்ணும் இல்லீங்க அக்கா. எனக்கு அவ வேணும். அவ்வளவுதான்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். கவுன்கள், புத்தகம், சிலேட்டு, ஒரு மரப்பாச்சி, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மடித்து வைத்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். அவள் கணவர் ஆலையிலிருந்து வந்து விஷயம் தெரிந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லாமல் இருந்த ஒரு வார்த்தைக்காக, ஒரு தவறும் செய்யாத இரண்டு பேர் இப்படி உட்கார வேண்டியிருந்தது. ஆடியில் சொல்லியிருந்தால் அவர்களுக்கு ஒரு நாள் வருத்தம். தையில் சொன்னதால் வீடே காலியாயிற்று.

இரண்டு ராத்திரி ரயில். அவள் பெரீம்மா எப்போது வருவாள் என்று கேட்டாள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கேட்டாள். சென்னையில் வண்டி மாறும்போது அழுது அழுது மூச்சுத் திணறிவிட்டது. தூக்கி வைத்துக்கொண்டேன். என்னைத் தள்ளினாள். அப்புறம் வேறு ஆள் இல்லாததால் என்னிடமே ஒட்டிக்கொண்டு தூங்கினாள். கோயம்புத்தூரில் இறங்கி ஊர்ப்பக்கம் போகும் வேலந்தாவளம் பஸ் ஏறியபோது கேட்பதை நிறுத்தியிருந்தாள்.

வீட்டு வாசலில் என் மனைவி இரண்டு பையன்களையும் தரையில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். கைநீட்டி, "வா கண்ணு," என்றாள். மகள் அந்த முகத்தைப் பார்த்தாள். ஊரில் யாரோ ஒருத்தியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு முகத்தை என் சட்டையில் புதைத்துக்கொண்டாள். வெட்கக்கேடு, அந்த நேரத்தில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை நீட்டியபடி நின்ற என் மனைவி அதை என் முகத்தில் பார்த்துவிட்டாள்.